மரமும் வரைபும்: தமிழ்ச் செய்யுளைக் கணனியில் அமைப்பது பற்றிய ஓர் ஆய்வு

உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் இடையேயுள்ள தொடர்பு ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. உள்ளடக்கமே உருவத்தைத் தீர்மானிக்கின்றது என்பதும், அவ்வாறு தோன்றிய உருவம் வாளாவிராது உள்ளடக்கத்தின் மீது மீண்டும் தாக்கம் விளைவிக்கின்றது என்பதும் அவ்விவாதத்தில் முற்போக்கு அணியினர் வலியுறுத்திய கருத்துகளாம். இலக்கியத்தோடு தொடர்பற்றதெனக் கருதப்படும் கணனிச் செய்நிரலாக்கத்திலும் இதே வினா நாள்தோறும் எழுகின்றது. அங்கு உள்ளடக்கம் என்பது தரவு. உருவம் என்பது தரவுக் கட்டமைப்பு.

தரவுகளுக்கிடையேயுள்ள உறவுகளைக் கணனியின் நினைவகத்தில் எவ்வாறு ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதே தரவுக் கட்டமைப்பு எனப்படும். உறவுகளைக் குறிப்பதற்குச் செய்நிரலாளர் பெரிதும் கையாளும் கட்டமைப்புகள் இரண்டு. ஒன்று மரம், மற்றையது வரைபு. இவற்றுள் எதனைத் தெரிவது என்பது வெறும் தொழினுட்ப வசதி பற்றிய வினாவன்று; பொருள்களுக்கிடையே எவ்வகை உறவு நிலவுகின்றது என்பது பற்றிய ஒரு கூற்றே அத்தெரிவினுள் அடங்கியுள்ளது. இதனைத் தமிழ்ச் செய்யுளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டு வலிந்து கொள்ளப்பட்டதன்று. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் செயற்றிட்டம் முதலான முயற்சிகளால் தமிழ் நூல்கள் பெருந்தொகையாகக் கணனிக்குள் புகுந்துள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகத்திற்கு, நூல்களைப் பேணுதல் எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆனால் எழுத்துகளைப் பேணுவது வேறு, எழுத்துகளுக்கிடையேயுள்ள உறவுகளைப் பேணுவது வேறு. பின்னையது கட்டமைப்பைப் பொறுத்தது. கட்டமைப்பில் இடம்பெறாத உறவொன்றைப் பிற்காலத்து ஆய்வாளர் கணனியிடம் நேரடியாகக் கேட்டறிதல் இயலாது.

1. இரு கட்டமைப்புகளின் இயல்பு

மரம் என்பது கணுக்களாலும் அவற்றைத் தொடுக்கும் இணைப்புகளாலும் ஆனது. அதன் உச்சியில் வேர்க்கணு ஒன்று உண்டு. ஏனைய ஒவ்வொரு கணுவிற்கும் ஒரேயொரு மேற்கணுவே உண்டு; கீழ்க்கணுக்கள் எத்தனையும் இருக்கலாம். இவ்வொரு விதியிலிருந்தே மரத்தின் பண்புகள் யாவும் பிறக்கின்றன. எந்த இரு கணுக்களுக்கும் இடையே ஒரு வழி மட்டுமே உண்டு. பத்துக் கணுக்கள் இருப்பின் இணைப்புகள் ஒன்பது. ஆயிரம் கணுக்கள் இருப்பின் இணைப்புகள் 999. ஓர் இணைப்பை நீக்கினால் மரம் இரண்டாகப் பிளக்கும். ஓர் இணைப்பைக் கூட்டினால் எங்கோ ஒரு சுற்று உருவாகிவிடும்.

வரைபு என்பது இக்கட்டுப்பாடு நீங்கிய நிலை. பாடசாலைக் கணிதத்தில் சார்புகளுக்கு வரையும் வரைபு ஈண்டுக் கருதப்படவில்லை. கணுக்களும் இணைப்புகளும் சேர்ந்த வலையையே இச்சொல் இங்குக் குறிக்கின்றது. எக்கணுவும் எக்கணுவோடும் இணையலாம், வேர் என ஒன்று இருக்க வேண்டியதில்லை, சுற்றுகள் இருக்கலாம். ஆயிரம் கணுக்களிடையே, இரு கணுக்களுக்கு ஓர் இணைப்பு என்ற கணக்கில், 4,99,500 இணைப்புகள் வரை அமையலாம். கொனிக்ஸ்பேர்க் நகரத்துப் பாலங்கள் பற்றி ஒயிலர் 1736இல் செய்த ஆய்வே இத்துறையின் தொடக்கம் என்பர். மரம் என்ற பெயரைக் கணிதத்தில் வழக்கிற் கொணர்ந்தவர் ஆர்தர் கேய்லி. அவரது கட்டுரை 1857இல் வெளிவந்தது.

மரமும் ஒருவகை வரைபே என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே 'மரமா, வரைபா' என்ற வினா, ஒன்றுக்கொன்று புறம்பான இரு பொருள்களுள் ஒன்றைத் தெரிவதன்று. 'ஒவ்வொன்றிற்கும் மேலே ஒன்றே உண்டு' என்ற கட்டுப்பாட்டை ஏற்பதா, விடுவதா என்பதே அது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையும் ஒன்றுண்டு. 'குடும்ப மரம்' என வழங்கும் தொடர் இதனைத் தெளிவாக்கும். ஒவ்வொருவருக்கும் தாய், தந்தை என இருவர் உள்ளமையால், பலரது உறவுகளை ஒருங்கே பதியும்போது அது உண்மையில் மரமாக அமைவதில்லை. மச்சான் மச்சாள் உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களில் கிளைகள் மீண்டும் ஒன்று சேர்கின்றன. உடன்பிறந்தாரான அண்ணன் தங்கையின் பிள்ளைகள் தம்முள் மணந்து பெறும் குழந்தைக்குப் பூட்டன் பூட்டிமார் எண்மர் அல்லர், அறுவரே. இக்குடும்பத்தை மரமாகப் பதிந்தால், ஒரே பூட்டனை இருவேறு ஆட்களாக இருமுறை எழுத நேரும். ஆயினும் இங்குச் சுற்று இல்லை. யாரும் தமக்குத் தாமே மூதாதையாதல் இயலாது. திசையுண்டு, சுற்றில்லை என்பதே இவ்விடைநிலை வரைபின் இலக்கணம். லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்விலே தமிழரின் உறவுப் பெயர்கள் முக்கிய இடம்பெற்றமையும், ஏங்கெல்ஸ் தமது குடும்பத்தின் தோற்றம் பற்றிய 1884ஆம் ஆண்டு நூலில் அவற்றை எடுத்தாண்டமையும் நாம் அறிந்தவை. தந்தைவழி ஒன்றையே கோடாக வரைந்து அதனை இயற்கை எனக் கொள்ளும் மனோபாவத்திற்கு எதிரான சான்றாக அவ்வுறவுப் பெயர்கள் இன்றும் விளங்குகின்றன.

2. செய்யுளுறுப்புகளில் மரமும் வரைபும்

யாப்பருங்கலக்காரிகை செய்யுளுக்கு எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு உறுப்புகளைக் கூறும். இவ்வாறும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படினும் ஒரே இயல்பின அல்ல. எழுத்துகளால் அசையும், அசைகளால் சீரும், சீர்களால் அடியும், அடிகளால் பாவும் ஆகின்றன. இங்கு நிலவுவது அடங்கல் உறவு. ஓர் அசை ஒரு சீருக்கே உரியது. ஒரு சீர் ஓர் அடிக்கே உரியது. இது மரம் என்பதில் ஐயமில்லை.

தளையும் தொடையும் அத்தன்மையன அல்ல. தளை என்பது நின்ற சீரின் ஈற்றிற்கும் வரும் சீரின் முதலுக்கும் இடையேயுள்ள பிணிப்பு. எதுகை, மோனை முதலிய தொடைகள் அடிகளுக்கிடையிலோ சீர்களுக்கிடையிலோ அமையும் ஒலியியைபு. இவை எதனுள்ளும் அடங்குவன அல்ல, எதனையும் அடக்குவனவும் அல்ல. குறுக்கே செல்லும் இணைப்புகள். தொல்காப்பியர் செய்யுளியலில் தொடையை உறுப்பாக எண்ணிய போதும் தளையைத் தனியுறுப்பாக எண்ணவில்லை. பிற்கால யாப்பிலக்கணகாரர் அதனையும் உறுப்பாக்கினர். ஓர் உறவைத் தனிப்பொருளாகக் கொள்வதா, பொருள்களுக்கிடையேயுள்ள தொடர்பாக மட்டும் கொள்வதா என்ற இவ்வினா, தரவுகளை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் முதல் வினாவாகும். அவர்களது மொழியிற் கூறின், தளை கணுவா, இணைப்பா என்பதே அது.

குறள் வெண்பா ஒன்றை எண்ணிக் காண்போம். பா ஒன்று, அடி இரண்டு, சீர் ஏழு. ஆகக் கணுக்கள் பத்து. அடங்கல் இணைப்புகள் ஒன்பது. விதிப்படி இது மரம். இனி ஏழு சீர்களிடையே அமையும் தளைகள் ஆறனையும் சேர்த்தால் இணைப்புகள் பதினைந்தாகும். ஈரடிகளின் முதற்சீர்களிடையே எதுகை அமையின் பதினாறு. பத்துக் கணுக்களுள்ள மரம் ஒன்பது இணைப்புகளையே தாங்கும். மிகையான ஏழு இணைப்புகளையும் மரத்துள் திணித்தல் இயலாது. அவற்றை விட்டுவிடலாம்; ஆனால் வெண்பாவை வெண்பாவாக்குவது தளையே. தளையைப் பதியாத கட்டமைப்பு, சீர்களின் எண்ணிக்கையை அறியும், செப்பலோசையை அறியாது.

3. இரு படிநிலைகளின் மோதல்

செய்யுள் யாப்பால் மட்டும் ஆனதன்று, மொழியாலும் ஆனது. எழுத்து, சொல், தொடர், வாக்கியம் என மற்றுமொரு படிநிலை அதே எழுத்துகளின் மீது அமைந்துள்ளது. அதுவும் தன்னளவில் மரமே. சிக்கல் இரண்டு மரங்களும் ஒரே இலைகளைப் பகிர்ந்துகொள்வதிற் பிறக்கின்றது. சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் ஒன்றாகவே அமையுமாயின், ஒன்றை மற்றொன்றின் கீழ் வைத்துவிடலாம். அவ்வாறு அமைவதில்லை என்பதற்கு நம் யாப்பிலக்கணமே பெயரிட்டுச் சான்று தருகின்றது. ஓசைக்காகச் சொல்லை அதன் இயல்பான எல்லையில் அன்றி இடையிலே பிளந்து இரு சீர்களுக்குப் பகிர்ந்தளிப்பதை வகையுளி என்பர். வகையுளி நேரும் இடத்தில் சொல் சீருக்குள் அடங்காது. சீரும் சொல்லுக்குள் அடங்காது. ஒரே மரத்தில் இரண்டையும் வைக்க முடியாது என்பதன் இலக்கணப் பெயரே வகையுளி எனலாம்.

மேனாட்டிலும் இவ்வினா தீவிரமாக விவாதிக்கப்பட்டது. நூல்களுக்கான குறிமொழியொன்று எஸ்.ஜி.எம்.எல். என்ற பெயரில் 1986இல் சர்வதேச நியமமாயிற்று. அது நூலை மரமாகவே கண்டது. 1990இல் டெரோஸ், டுரன்ட், மைலோனாஸ், றெனியர் ஆகிய நால்வர், நூல் என்பது உள்ளடக்கப் பொருள்களின் ஒழுங்கான படிநிலையே என வாதிட்டனர். ஆனால் நாடகச் செய்யுளில் ஓரடியை இரு பாத்திரங்கள் பகிர்ந்து பேசுவதும், வாக்கியம் அடியைத் தாண்டி ஓடுவதும் அக்கருத்திற்கு இடையூறாயின. சில ஆண்டுகளில் அவ்வாய்வாளருட் சிலரே தம் கருத்தைத் திருத்தியமைத்தனர். 2000ஆம் ஆண்டளவில் ஸ்பெர்பெர்க்-மக்குயீன், ஹூயிட்ஃபெல்ட் ஆகியோர், ஒரு கணுவிற்குப் பல மேற்கணுக்களை அனுமதிக்கும் சுற்றற்ற வரைபை நூல்களுக்கென முன்வைத்தனர்.

எனினும் மோதல் கண்ட இடமெல்லாம் வரைபை நாடுதல் பொருத்தமன்று. சில வேளைகளில் மோதல், நாம் தெரிந்த அலகின் குறைபாடாகவும் இருக்கலாம். 'மரமில்லை' என்பதை நோக்குக. 'மி' என்ற உயிர்மெய் 'மரம்' என்ற சொல்லின் ஈற்று மெய்யையும் 'இல்லை' என்ற சொல்லின் முதலுயிரையும் தன்னுட் கொண்டுள்ளது. உயிர்மெய்யை இலையாகக் கொண்டால் அதற்கு இரு மேற்கணுக்கள், மரம் உடைகின்றது. மெய்யையும் உயிரையும் தனித்தனி இலைகளாகக் கொண்டால் ஒவ்வொன்றும் ஒரு சொல்லையே சேரும், மரம் மீள்கின்றது. ஆயின் 'கற்றூண்' போன்ற திரிபுப் புணர்ச்சியை இம்முறை தீர்க்காது. அங்குப் புணர்ந்த வடிவத்தையும் புணருமுன் இருந்த வடிவத்தையும் வெவ்வேறாகப் பதிந்து இணைக்கவே வேண்டும். கட்டமைப்பை மாற்றுமுன் அலகைச் சோதிக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

4. தொழிற்றுறை தந்த பாடம்

இவ்வினா இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அப்பலோ விண்வெளித் திட்டத்திற்கு வேண்டிய எண்ணிறந்த உதிரிப்பாகங்களைப் பதிவதற்காக ஐ.பி.எம். நிறுவனம், றொக்வெல், கற்றபிலர் நிறுவனங்களுடன் சேர்ந்து 1966இல் தொடங்கிய முயற்சியே பின்னர் ஐ.எம்.எஸ். என்ற தரவுத்தள முறைமையாயிற்று. அது மரவடிவினது: பொறிக்குள் தொகுதி, தொகுதிக்குள் உறுப்பு, உறுப்புக்குள் ஆணி. ஆனால் ஒரே வகை ஆணி பல உறுப்புகளிற் பயன்படுவது. ஆணி பற்றிய விவரத்தை ஒவ்வோர் உறுப்பின் கீழும் படியெடுத்து எழுதினால், விவரம் மாறும்போது எல்லாப் படிகளையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பதிவேடு தன்னோடு தான் முரண்படும். இதனால் அம்முறைமையிலேயே ஒரு பதிவிற்கு இரண்டாவது மேற்கணுவைக் காட்டும் துணையிணைப்புகள் பின்னர் இடம்பெறலாயின. வெளித்தள்ளப்பட்ட வரைபு புறவாயிலால் உட்புகுந்தது என்க.

சார்ள்ஸ் பக்மன் வலையமைப்பு முறையை உருவாக்கி 1973இல் ரியூரிங் விருது பெற்றார். அம்முறையில் செய்நிரலாளர், பதிவுகளிடையே தாமே வழிகண்டு செல்லும் மாலுமியாக வருணிக்கப்பட்டார். 1970இல் எட்கர் கொட் எழுதிய கட்டுரை வேறொரு குறைபாட்டைச் சுட்டியது. உதிரிப்பாகங்களையும் செயற்றிட்டங்களையும் மரவடிவில் வைக்கப் பல வழிகள் உண்டு. பாகத்தை மேலே வைத்து எழுதிய செய்நிரல், செயற்றிட்டத்தை மேலே வைத்த பதிவேட்டில் இயங்காது. எது மேலே என்பதைத் தரவு தீர்மானிக்கவில்லை. பதிவேட்டை முதலில் வடிவமைத்தவரது தேவையே தீர்மானித்தது. ஒரு காலத்துத் தேவை அமைப்பாக உறைந்து, பின்வருவோர் கேட்கத்தக்க வினாக்களுக்கு எல்லை வகுத்துவிடுகின்றது. சமூக நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இது அறிமுகமான நிகழ்வே. கொட் முன்வைத்த அட்டவணை முறை இவ்விரு அமைப்புகளையும் பயனாளரின் பார்வையிலிருந்து விலக்கியது. எனினும் மூதாதையரைத் தேடுவது போன்று, எத்தனை படி செல்ல வேண்டும் என முன்கூட்டி அறியமுடியாத வினாக்களை அதன் நியம மொழியிற் கேட்பதற்கான வழி 1999ஆம் ஆண்டு நியமத்திலேயே இடம்பெற்றது.

5. வரைபுக்குச் செலுத்தும் விலை

மேற்கூறியவற்றால் வரைபே எப்போதும் மேலானது என முடிவு கட்டுதல் தவறாகும். மரத்தின் கட்டுப்பாடு ஒரு தளை மட்டுமன்று. ஓர் உறுதிப்பாடும் ஆகும். மரத்தில் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் செய்நிரல் ஒவ்வொரு கணுவையும் ஒருமுறையே காணும், கட்டாயம் முடிவுறும். ஒரு நூலிலுள்ள அசைகளை எண்ண வேண்டுமாயின், ஒவ்வொரு சீரின் தொகையையும் கூட்டி அடிக்கும், அடிகளைக் கூட்டிப் பாவிற்கும் கொண்டுசென்றாற் போதும். யாப்பு வழியையும் சொல் வழியையும் ஒரே வரைபிற் கலந்துவிட்டு எழுத்துகளை எண்ணினால், ஒவ்வோர் எழுத்தும் இருமுறை எண்ணப்படும். விடை பிழையெனத் தோன்றாத பிழை அது.

சுற்று இருப்பின் இடர் மேலும் பெரிது. அந்தாதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்யுளின் அந்தம் அடுத்ததன் ஆதியாகின்றது. நூறு செய்யுள்கள் 99 இணைப்புகளால் தொடுக்கப்படின் அது கிளையற்ற மரமே. ஆனால் இறுதிச் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் முதலோடு சேர்ந்து மண்டலிக்கும்போது இணைப்புகளும் நூறாகின்றன. மிகையான அவ்வோர் இணைப்பே மண்டலம். இணைப்பைப் பின்தொடர்ந்து செல்லுமாறு மட்டும் பணிக்கப்பட்ட செய்நிரல் இந்நூலை ஓயாது சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆகையால் வரைபில் செல்லும் செய்நிரல், கண்ட கணுக்கள் யாவற்றையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நினைவகமும் வேண்டும், செய்நிரலாளரின் விழிப்பும் வேண்டும்.

நீக்கலிலும் வேறுபாடு உண்டு. மரத்தில் ஓர் அடியை நீக்கினால் அதன் சீர்களும் உடன் நீங்குகின்றன. வரைபில் ஒரு கணுவை நீக்குமுன், அதன் கீழுள்ளவை வேறெவற்றோடு இணைந்துள்ளன என ஆராய வேண்டும். மேலிருந்து சுட்டும் இணைப்புகளை எண்ணி, எவையும் இல்லாதவற்றை மட்டும் நீக்கும் முறையும் சுற்றுக்கு முன்னால் தோற்கும். சுற்றிலுள்ளவை ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு எஞ்சிவிடும். யூனிக்ஸ் முறைமையில் ஒரு கோப்பிற்குப் பல பெயர்கள் இருக்கலாமெனினும், கோப்புறைகளுக்கு அச்சலுகை வழக்கமாக மறுக்கப்படுவது இச்சுற்றைத் தவிர்ப்பதற்கே.

6. தெரிவதற்கான அளவைகள்

முதலாவது: ஒரு பொருளுக்கு ஒன்றின் மேற்பட்ட மேற்பொருள்கள் உண்மையில் உண்டா, அன்றி நமது அலகு பிழைத்தமையால் அவ்வாறு தோன்றுகின்றதா என ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது: உறவு அடங்கலா, தொடர்பா? 'இதனுள் இது' எனின் மரம். 'இதனோடு இது' எனின் வரைபு.

மூன்றாவது: மேலதை நீக்கினால் கீழதும் நீங்குதல் முறையா? ஆம் எனின் மரமே தகும்.

நான்காவது: கேட்கப்படும் வினா எத்தகையது? தொகையும் வரிசையும் வேண்டுவோர்க்கு மரம் போதும். வழியும் அயலும் தேடுவோர்க்கு வரைபு வேண்டும்.

ஐந்தாவது: சுற்று நிகழக்கூடுமா? நிகழாது என உறுதியாயின் அவ்வுறுதியைக் கட்டமைப்பிலேயே எழுதிவிடுதல் நன்று. பின்னர் என்றேனும் தேவைப்படலாம் எனக் கருதி வரைபைத் தெரிவோர், இன்று கிடைக்கக்கூடிய உறுதிப்பாட்டை இழக்கின்றனர்.

இவ்வளவைகளைத் தமிழ்ச் செய்யுளுக்குப் பொருத்தினால் கிடைக்கும் விடை மரமும் அன்று, வரைபும் அன்று. இரண்டின் திட்டமான பங்கீடே. எழுத்துகளை மெய்யும் உயிருமாகப் பிரித்து வரிசையெண் இடுக. யாப்பு மரம் ஒன்றும் சொல் மரம் ஒன்றும் தனித்தனியே நின்று, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை தமக்குரியது என அவ்வரிசையைச் சுட்டுக. தளை, தொடை, அந்தாதி ஆகியவற்றை இணைப்புகளின் பட்டியலாக வேறாக வைக்க. எண்ணும்போது ஒரு மரத்தின் வழியே மட்டும் செல்க. வகையுளியைத் தேடும்போது இரு மரங்களின் எல்லைகளையும் ஒப்பிடுக. ஒரு சீரின் எல்லை ஒரு சொல்லின் நடுவே விழும் இடம் ஒவ்வொன்றும் தானே வெளிப்படும். இத்தகைய பங்கீடு புதுமையானதன்று. 2005இல் லினஸ் ரோவால்ட்ஸ் உருவாக்கிய கிற் என்னும் செய்நிரற் பேணல் முறைமை, கோப்புறைகளை மரமாகவும், மாற்றங்களின் வரலாற்றைச் சுற்றற்ற வரைபாகவும் கொள்கின்றது. பிரிந்து வளர்ந்த இரு பிரதிகள் மீண்டும் இணையும்போது புதிய பதிவிற்குப் பெற்றோர் இருவர் ஆவர் என்பதே அதற்குக் காரணம்.

முடிவாக, மரம் ஓர் எளிய உருவம். அதன் எளிமை மெய்யானது, பயனுள்ளது. ஆனால் எல்லா உறவும் மேல் கீழ் உறவே எனக் கொள்வது தரவிலிருந்து பெற்ற உண்மையன்று. தரவின் மீது ஏற்றப்பட்ட கருத்துநிலை. பழைய நூல்களைக் கணனியேற்றும் பணியில் இன்று எடுக்கப்படும் முடிவுகள், நாளைய ஆய்வாளர் எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கவே முடியாது என்பதை வரையறுக்கப் போகின்றன. அம்முடிவுகளைத் தொழினுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிடாது, யாப்பும் இலக்கணமும் அறிந்தோர் அவர்களோடு ஒன்றாயமர்ந்து எடுத்தல் வேண்டும். தளை கணுவா, இணைப்பா என்ற வினாவிற்கு விடைகூறும் பொறுப்பு அவர்களுடையது.